வாசகர் கேள்வி - பதில்: வேடந்தாங்கலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் பிள்ளைகளோடு வேடந்தாங்கல் போகிறோம். எந்த நேரம் நல்லது, எதைக் கவனிக்கலாம்?

பதில்: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பறவைகள் கூடு கட்ட வராது. மரத்தடியில் நீர் நின்றால்தான் தரைவழி வரும் விலங்குகளுக்குக் கூடு எட்டாது.

இரை தேடப் போனவை திரும்பும் மாலை நேரம்தான் சிறந்தது. மூன்றரை மணிக்கே கரையில் இடம் பிடித்துவிடுங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும். 10 மடங்கு பெரிதாக்குவது கையில் ஆடும், பிள்ளைகளுக்குச் சரிவராது.

எல்லாவற்றையும் பார்க்க அலையாமல் ஒரே மரத்தைப் பாருங்கள். நீர்க்கடம்பில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்கா எனும் இராக்கொக்கும் அடுத்தடுத்துக் குடியிருக்கும். நத்தைகுத்தியின் அலகு நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது. நத்தையை நத்தைகுத்தி ஓட்டோடு நொறுக்குவதில்லை. கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்குள் செலுத்தி, தசையை அறுத்து, சதையை மட்டும் இழுத்தெடுக்கும்.

கத்தக்கூடாது, கை தட்டிப் பறக்கவிடவே கூடாது. தாய்ப்பறவை எழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும்; வெறுங்குஞ்சு வெயிலில் துவண்டுவிடும்.

கேள்வி: இந்தச் சரணாலயத்தை ஊர்க்காரர்களே காத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அரசு 1936இல் சரணாலயமாக ஏற்பதற்கு வெகுமுன்பே அது நடந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக்கு எழுத்து உத்தரவு தந்தார். 1858இல் அந்தப் பாதுகாப்பு உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

காரணம் பாசம் மட்டுமல்ல. தாங்கல் என்றாலே பாசன நீர்நிலை. எச்சம் விழுந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய தண்ணீர் மதகு வழியாக நெல்வயலுக்குப் போகிறது. அதனால் பறவையைப் பார்த்ததும் வண்டி ஏறிவிடாதீர்கள், மதகையும் அதன் கீழுள்ள வயலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: வாத்துகள் அங்கே தெரியுமா?

பதில்: சில தெரியும். வாத்துக் கூட்டம்தான் வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரிக்குக் காலையில் போங்கள்.