ஷட்டரைத் தூக்கவே மனசு வரவில்லை

கேள்வி: திருப்பூரில் 14 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் ஆர்டர் படுத்துவிட்டது, பாதி மெஷின் சும்மா நிற்கிறது. தைத்துக் கொடுத்ததற்கும் இரண்டு பார்ட்டிகள் நாலு மாதமாகப் பணம் தரவில்லை. தூக்கம் போச்சு. தன்னம்பிக்கை வீடியோ பார்த்தால் மத்தியானம் வரைகூடத் தாங்குவதில்லை. என்ன செய்யட்டும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் வீடியோவை நிறுத்துங்கள். நாலு மாதப் பாக்கி வெளியே நின்றால் யாருக்குத்தான் ஷட்டரைத் தூக்க மனசு வரும்?

குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போடுங்கள், காசு கிடையாது, ஆனால் பதிவுக்கு அப்புறம் முடித்துக் கொடுத்த வேலைக்குத்தான் அது உதவும். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு எழுத்தில் எத்தனை நாள் கெடு பேசியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில், பேசவில்லையென்றால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இப்படிப் பாக்கி வராதவர்களுக்கான மத்திய அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்பீர்கள், அதுவும் நிஜம்தான். அதனால் புகாருக்கு முன்னால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புங்கள். கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக பார்ட்டி வருமான வரியில் காட்ட முடியாது, முதலாளி மறந்தாலும் அவருடைய ஆடிட்டர் மறக்கமாட்டார்.

அப்புறம் ஒரு நோட்டில் வர வேண்டியது, தர வேண்டியது, இன்னும் எத்தனை சனிக்கிழமை சம்பளம் போட முடியும் என்று எழுதுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மண்டைக்குள் ஓடுகிற பயத்துக்குத் தொகை கிடையாது, அதனால்தான் அது அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்து, சாயம் போட வழியில்லாமல் என் மெஷின்களும் நின்றன. நான் வீட்டில் சொல்லாமல் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். மனைவிக்கு இரண்டாவது வாரமே தெரிந்திருக்கிறது, நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். டைலர்களிடமும் சொல்லுங்கள், எத்தனை மெஷின் நிற்கிறது என்று அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே எண்ணியிருப்பார்கள்.

லோக்கல் வேலை வந்தால் கௌரவம் பார்க்க வேண்டாம், ஆனால் கூலியும் கரண்டும் கட்டாத பீஸ் ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு மெஷினை விற்றுக் கடனை அடைக்க வேண்டி வந்தால் விற்றுவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், இலவசம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.