காபியை ஊதிக் குடிக்க முடியாது

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுக்கணும் என்கிறார்கள். பேச்சே போய்விடுமா ஐயா?
– ஒரு மகள், தென்காசி

பதில்: எனக்கு எடுத்து 9 வருஷம் ஆச்சும்மா. பேசலாம், பழைய குரல்தான் திரும்பாது. கழுத்தில் வைத்து அழுத்தும் பேட்டரிக் கருவி ஒரு வழி. காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி, ஏப்பம் மாதிரி விட்டுப் பேசுவது இன்னொன்று. நான் வால்வுக்காரன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்னதாக ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதைக் கட்டைவிரலால் மூடினால் வார்த்தை வரும். பஸ்ஸில் ஒரு கையில் பை, மறு கையில் கம்பி என்றால் நான் ஊமை! காபி குடித்ததும் இருமல் வந்தால் வால்வு கசிகிறது, மாற்றணும் என்று அர்த்தம்.

மூச்சு கழுத்து வழியாகத்தான் என்பதால் மூக்குக்கு வேலை குறைவு. அடுப்பில் பால் தீய்ந்தாலும் எனக்குத் தெரியாது. சூடான காபியை ஊதி ஆற்றவும் முடியாது, டம்ளர் மாற்றி ஆற்றணும். துளையில் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குத்தான். தென்காசிக்காரரான உங்க அப்பாவுக்குச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு, குற்றால அருவியை இனி தள்ளி நின்று பார்க்கட்டும். மயங்கி விழுந்தால் வாயில் அல்ல, கழுத்துத் துளையில்தான் காற்று கொடுக்கணும். இதை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். அப்பாவின் குரலைப் போனில் பதிந்தும் வையுங்கள். என் குரல் ஒரு கல்யாண வீடியோவில், “ரசம் எங்கேப்பா?” என்று மட்டும் மிச்சமிருக்கிறது.