தத்துக்கு வரும் பாசெட் ஹவுண்ட்: எங்கள் வருமானம் தாங்குமா?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில், லிப்ட் இல்லாத குடியிருப்பின் முதல் மாடியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். பிடித்தம் போக எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் தவணை 31,000 ரூபாய், மகளின் பள்ளிக் கட்டணம், 68 வயதாகும் மாமனாரின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் உட்படக் குடும்பச் செலவு 38,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும் முதலீடு (எஸ்.ஐ.பி.) 8,000. வங்கி வைப்புநிதியில் 1,80,000 ரூபாய் உள்ளது. பாசெட் ஹவுண்ட் இன நாய்க்குட்டி ஒன்று வாங்க 45,000 ரூபாய் தனியே சேர்த்திருந்தோம். இப்போது, வெளிநாடு சென்ற ஒரு குடும்பம் கைவிட்ட நான்கு வயது பாசெட் ஆண் நாயை மீட்டுப் பராமரித்து வரும் தன்னார்வலர் ஒருவர், அதை இலவசமாகவே தத்துக் கொடுக்க முன்வந்துள்ளார். இரண்டு மாதம் பொறுத்திருப்பதாகவும் சொல்கிறார். குட்டி வாங்குவதா, இதைத் தத்தெடுப்பதா? இந்த இனத்தை அரசு தடை செய்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? (வாசகி, சென்னை)

பதில்: வளர்ந்த நாயையே தத்தெடுங்கள். உங்கள் வருமானத்தில் அது முடியும். ஆனால், குட்டிக்காகச் சேர்த்த 45,000 ரூபாயை மிச்சமான பணம் என்று எண்ணி வேறு செலவுக்குத் திருப்பினால் முடியாது. அந்தப் பணம் முழுவதும் இந்த நாயின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

முதலில் சட்டம். தமிழக அரசு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களையும் பிறவியிலேயே உடல்நலக் கோளாறுகளுக்கு ஆளாகும் இனங்களையும் இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றுடன் பாசெட் ஹவுண்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. அது தடுத்தது இனப்பெருக்கத்தைத்தான், ஏற்கெனவே பிறந்து, வீடின்றி நிற்கும் ஒரு நாயைத் தத்தெடுத்து வளர்ப்பதற்கு அது குறுக்கே நிற்கவில்லை. மாறாக, நீங்கள் 45,000 ரூபாய் கொடுத்து வாங்க நினைத்த குட்டி எங்கே, யாரிடம் பிறந்தது என்பதுதான் கேள்விக்குரியதாகிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்குவது, பணத்தைக் கொடுத்து நோயையும் சேர்த்து வாங்குவதாகவே பெரும்பாலும் முடிகிறது.

இந்த இனத்தின் உடலமைப்பே அதன் செலவைத் தீர்மானிக்கிறது என்பதால் அதைச் சற்று விளக்குகிறேன். குட்டைக் கால்களும் நீண்ட முதுகும் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு மாற்றத்தால் வந்தவை. இத்தகைய உடலமைப்புள்ள நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள் இளம் வயதிலேயே இறுகிப் பிதுங்கும் வாய்ப்பு அதிகம். தரையைத் தொடும் நீண்ட காதுகளுக்குள் காற்று புகாது. மடலைத் தூக்கிப் பார்த்தால் உட்புறம் சிவந்து, பழுப்பு நிற அழுக்கு படிந்து, புளித்த வாடை வீசினால் கிருமித்தொற்று தொடங்கிவிட்டது என்று பொருள். சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும் இதை இன்னும் மோசமாக்கும். வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவர் சொல்லும் திரவத்தால் காதைத் துடைப்பதும், காது மடல் தண்ணீரில் தோயாதபடி வாய் குறுகிய, ஆழமான கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் அதிகச் செலவில்லாத வேலைகள். அவற்றைத் தவறவிட்டால் மாதந்தோறும் மருத்துவமனைக்குப் போக நேரிடும்.

இனி மாதக் கணக்கு. ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 300 கிராம் உலர் உணவு என்று வைத்தால் மாதம் 9 கிலோ ஆகும். கிலோ 500 ரூபாய் வீதம் 4,500 ரூபாய். உண்ணித் தடுப்பு மாத்திரை, குடற்புழு மருந்து, ஆண்டுத் தடுப்பூசிகள் ஆகியவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 1,300 வரும். காது, தோல் பராமரிப்புக்கு 1,000 ரூபாயும், கோடையில் கூடுதலாக ஓடும் ஏ.சி.க்கான மின்கட்டணத்தை ஆண்டு முழுவதற்கும் சராசரியாக்கி 1,000 ரூபாயும், நீங்கள் ஊருக்குப் போகும்போது நாயைக் காப்பகத்தில் விடவும் இதர செலவுகளுக்கும் 1,200 ரூபாயும் ஒதுக்குங்கள். மொத்தம் 9,000 ரூபாய். இவை திட்டமிடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் பகுதி மருத்துவரிடமும் கடையிலும் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த இன நாய்கள் பன்னிரண்டு வயது வரை வாழக்கூடும் என்பதால் இன்னும் எட்டு ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தைச் சேர்த்தால், இலவசமாக வரும் இந்த நாய்க்கு ஏறத்தாழ 10 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் செலவாகும். இதைப் படித்து மலைத்துப் போக வேண்டாம். குட்டிக்கும் இதே செலவு உண்டு, மேலும் நான்கு ஆண்டுகளுக்குக் கூடுதலாகவே உண்டு.

உங்கள் மாத மிச்சம் 15,000 ரூபாய். நாயின் செலவு போக 6,000 எஞ்சும். மாதச் செலவு எனக்குக் கவலை தரவில்லை. ஒரே இரவில் வந்து நிற்கும் பெருஞ்செலவுதான் கவலை தருகிறது. இதுபோல் மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறைபோல் இறுகி, வாந்தி வருவதுபோல் குமட்டியும் எதுவும் வெளிவராமல் தவிக்கும் நாய்க்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். முதுகு வட்டு பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்தால் ஸ்கேன், அறுவை சிகிச்சை, இயன்முறை சிகிச்சை என்று செலவு நீளும். வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு. ஆயினும் எந்நேரமும் அங்கேயே சிகிச்சை கிடைத்துவிடும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. ஆகவே நாய்க்கென்று ஒரு லட்சம் ரூபாய் அவசர நிதி வேண்டும்.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். தன்னார்வலர் தரும் இரண்டு மாத அவகாசத்தில் மாத மிச்சம் 15,000 ரூபாயை அப்படியே சேர்த்தால் 30,000 ஆகும். கையிலுள்ள 45,000 ரூபாயுடன் 75,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். நாய் வீட்டுக்கு வந்த பின், எஞ்சும் 6,000 ரூபாயில் 3,000 ரூபாய் இந்தக் கணக்குக்கும், 3,000 ரூபாய் குடும்ப அவசர நிதிக்கும் போகட்டும். ஒன்பது மாதத்தில் நாயின் நிதி ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் வைப்புநிதி குடும்பத்தின் இரண்டரை மாதச் செலவுக்கே போதுமானது என்பதால் அதை நாய்க்காக உடைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் வைப்புநிதியை உடைக்காமல் அதை ஈடாகக் காட்டி வங்கியில் கடன் (ஓவர்டிராஃப்ட்) பெறலாம். வட்டி, வைப்புநிதி வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். தனிநபர் கடனும் கிரெடிட் கார்டு தவணையும் வேண்டவே வேண்டாம். எஸ்.ஐ.பி.யையும் மாமனாரின் காப்பீட்டு பிரீமியத்தையும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

நாய்களுக்கான காப்பீடு நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பரம்பரைக் கோளாறுகளுக்கும் இழப்பீடு உண்டா என்று நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள். பாசெட் இனத்துக்கு வரும் நோய்களில் பல அந்த விலக்குப் பட்டியலிலேயே அடங்கிவிடக்கூடும். நாய் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு அதில் இருந்தால் அதற்காக வாங்கலாம். இந்த பிரீமியத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது.

என்னைச் சற்றுத் தயங்க வைப்பது உங்கள் மாடிப்படிதான். முதுகு பலவீனமான இனம் நாள்தோறும் பலமுறை படியேறி இறங்குவது நல்லதன்று. 25 கிலோவைத் தூக்கிச் செல்ல 68 வயது மாமனாரால் இயலாது. மோப்பம் பிடித்தபடி இழுக்கும் நாய் அவரைத் தடுமாறி விழச் செய்தால், அந்த மருத்துவச் செலவு இங்கே போட்ட கணக்கையெல்லாம் கவிழ்த்துவிடும். காலையும் மாலையும் உங்களில் ஒருவர் அழைத்துச் செல்வதாக முடிவு செய்யுங்கள். இல்லையெனில் அதற்கு ஆள் வைக்க மாதம் 3,000 ரூபாய் ஆகும் என்று கொண்டால், எஞ்சும் 6,000 ரூபாயில் பாதி போய்விடும். நாயின் நிதிக்கும் குடும்ப நிதிக்கும் தலா 1,500 ரூபாய்தான் மிஞ்சும். எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் முதுகைக் காக்கும். ஆகவே மகள் தட்டிலிருந்து பிஸ்கட் போகக்கூடாது.

தத்தெடுக்கும் முன், வாரக் கடைசியில் நாயை வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துப் பாருங்கள். கருத்தடை, தடுப்பூசிப் பதிவு, தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) ஆகியவற்றைச் சரிபாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும் முதுகெலும்பு எக்ஸ்ரேயையும் உங்கள் செலவிலேயே எடுத்துவிடுங்கள். முன்னாள் உரிமையாளர் நாயின் மீது உரிமை கோரமாட்டேன் என்று எழுதித் தந்த கடிதம் தன்னார்வலரிடம் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையெனில் மின்னஞ்சல் வழியாகவாவது வாங்கித் தரச் சொல்லுங்கள். அதன்பின் சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தை உங்கள் பெயரில் பெற்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றுடன் ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். எக்ஸ்ரேயில் வட்டுக் கோளாறு தெரிந்தால் தத்தெடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டாம்; சிகிச்சைக்கு ஆகக்கூடிய தொகையை மருத்துவரிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.