ஓவியத்தில் மாஸ்டர்ஸ்: போகலாமா, எங்கே, எப்போது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தவர், வயது 28. நான்கு வருடமாகக் கொழும்பில் ஒரு விளம்பரக் கொம்பனியில் டிசைனர். வேலை முடிந்து வந்து இரவில் வரைகிறார். "முழுநேர ஓவியராக வேண்டும். அதற்கு மாஸ்டர்ஸ் கட்டாயமா? எங்கே படிக்கலாம்? பட்டம் இருந்தால் கலரிகள் எடுப்பார்களா? கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. அம்மாவோ, ஆசிரியர் நியமனம் வரும்வரை பொறு என்கிறார்." கூடவே தன் வேலைகளின் பதினொரு போட்டோக்களையும் அனுப்பியிருக்கிறார்.

கலரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தக் கலரியும் உங்கள் சான்றிதழைக் கேட்காது. பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் நிதியமாக இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 1943இல் ஓவியர்கள் சேர்ந்து தொடங்கிய 43 குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் குழுவில் ஜஸ்டின் தரணியகல லண்டன் ஸ்லேட் கல்லூரியில் படித்தவர். ஜோர்ஜ் கீற் எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாதவர். அப்படிப்பட்ட கீற்தான் 1939-40இல் பொரளை கோதமி விகாரையின் சுவர்களை வரைந்தார். இன்றைக்கும் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். கலரிக்காரருக்கு வேண்டியது வேறு: ஒரே ஆளின் கை தெரிகிற பத்துப் பதினைந்து வேலைகள், சொன்ன திகதிக்குக் கொடுக்கிற ஒழுங்கு, வீட்டில் ஒரு விலை கலரியில் ஒரு விலை என்று சொல்லாத நேர்மை. விற்ற விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை கலரி எடுத்துக்கொள்வது உலகத்தில் பரவலான வழக்கம். அதைக் கணக்கில் வைத்துத்தான் விலை போட வேண்டும்.

அப்படியானால் மாஸ்டர்ஸ் எதற்கு? மூன்று காரணம் எனக்குத் தெரியும். கற்பிக்கும் வேலைக்குத் தகுதி. வேறு ஊர், வேறு ஆட்கள், அதனால் திறக்கும் வழிகள். மூன்றாவது, எனக்குப் பெரிதாகப் படுவது: உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஆட்கள் இரண்டு வருடம் தினமும் கிடைப்பார்கள். வீட்டில் இரவில் தனியாக வரைபவருக்கு அது கிடைக்காது. ஃபேஸ்புக்கில் கிடைப்பது ‘சூப்பர் அக்கா’.

என் கதையைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். கட்டுரையில் ‘கலை என் மூச்சு’ என்கிற ரீதியில் இரண்டு பக்கம். நேர்முகத்தில் ஒரு பெண் பேராசிரியர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் படம் ஏன் இந்த அளவு?" நான் உண்மையைச் சொன்னேன்: "கடையில் அந்த அளவு கன்வஸ்தான் இருந்தது." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், இடம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டது சரி. முதுநிலைப் படிப்பு முழுக்க அந்த ஒரு கேள்விதான். ஏன் இந்த அளவு, ஏன் கரி, ஏன் எண்ணெய் வர்ணம், ஏன் சுவரில், ஏன் தரையில். கை ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். அங்கே போய்க் கையைப் பழக்குவார்கள் என்று எண்ணிப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

இப்போது உங்கள் பதினொரு போட்டோக்கள். நல்லூர் கோபுரம் நான்கு. போட்டோவைப் பார்த்து வரைந்த முகங்கள் இரண்டு, நல்ல கை. நீலமும் மஞ்சளுமாக இரண்டு அரூபம், அதைப் பற்றி எதுவும் சொல்லத் தோன்றவில்லை. மிச்சம் மூன்று, அலுவலகத் தாளில் கரியால் வரைந்தவை: மாடிப்படிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிய காஸ் சிலிண்டர்கள். காஸ் தட்டுப்பாடு இருந்த 2022இல் வரைந்தது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் போட்டோக்களின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கண் நின்றது. பூட்டின் சாவித்துவாரத்தை அவ்வளவு கறுப்பாக அழுத்தியிருக்கிறீர்கள், தாள் கிழியப் போகிறது. சிலிண்டரின் வயிற்றை வெறும் விரலால் தேய்த்து விட்டிருக்கிறீர்கள். கோபுரத்தில் இந்தக் கோபம் இல்லை. கோபுரத்தை உங்களுக்கு முன்பே பலர் வரைந்துவிட்டார்கள்.

எந்தக் கல்லூரியும் பெரும்பாலும் 15 முதல் 20 படங்கள் கேட்கும். அவற்றில் குறைந்தது பன்னிரண்டு படம் சிலிண்டரின் குடும்பமாக இருக்கட்டும். சிலிண்டரையே பன்னிரண்டு முறை வரையச் சொல்லவில்லை. அடுக்குமாடியில் எதை எதைப் பூட்டுகிறோம், யாருக்குப் பயந்து, எது திறந்தே கிடக்கிறது என்று போகலாம். அது உங்கள் கேள்வி, நான் சொன்னதற்காகச் செய்யாதீர்கள். அதற்கு ஒன்றரை வருடம் எடுக்கும். அலுவலகத் தாள் மட்டும் வேண்டாம். சாதாரணத் தாளில் அமிலம் இருக்கும், சில வருடத்தில் மஞ்சளாகி உதிரும். கடற்கரைப் பக்க ஈரத்தில் இன்னும் கெதியாக. பருத்தித் தாள் விலைதான், ஆனால் பத்துத் தாள் வாங்கினால் பத்து யோசனையோடு வரைவீர்கள்.

சரி, எங்கே?

கொழும்பிலேயே கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய ஹேவூட் நுண்கலைக் கல்லூரியின் வழி வந்தது, 2005இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஹோர்ட்டன் பிளேஸில் கட்புலக் கலைப் பீடம். அங்கே வகுப்பறைப் பேச்சு பெரும்பாலும் சிங்களம். நான்கு வருடம் விளம்பரக் கொம்பனியில் இருந்தவருக்கு அது சுவராக இருக்காது, சொல்லப்போனால் அதுவே லாபம். கொழும்புக் கலை உலகத்தில் சிங்களமும் ஆங்கிலமும் தெரியாமல் ஒதுங்கி நிற்கிற தமிழ்ப் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பட்டம் தராவிட்டாலும், சந்திரகுப்த தேனுவர 1993இல் தொடங்கிய விபவி கலைக் கல்லூரியையும், 2000இல் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த தீர்த்த குழுவையும் தெரிந்து வைத்திருங்கள். தேனுவர மொஸ்கோவில் சூரிக்கோவ் கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். வீதித் தடையில் வைத்த பீப்பாய்களை வைத்தே ஒரு பாணியை உண்டாக்கினார். அதற்கு ‘பீப்பாயிசம்’ என்றே பெயர். உங்கள் சிலிண்டருக்கு அவர் ஒருவகையில் மாமா முறை.

பழஞ்சுவரோவியப் பாதுகாப்பு, அருங்காட்சியக வேலை என்று மனம் போனால் பௌத்தாலோக மாவத்தையில் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது. ஓவியர் ஜகத் வீரசிங்க அதன் பணிப்பாளராக இருந்தவர். ஓவியமும் தொல்லியலும் ஒரே ஆளிடம் ஒன்றாகப் போகும் என்பதற்கு அவரே சாட்சி.

வெளியே என்றால் என் முதல் தெரிவு இந்தியா. பரோடாவின் நுண்கலைப் பீடம் 1950இல் தொடங்கியது. இந்தியாவின் முக்கிய ஓவியர்களில் பாதிப்பேர் அதன் வாசல் வழியாக வந்தவர்களோ என்று தோன்றும். சாந்திநிகேதனின் கலாபவனம் 1919. இரண்டிலும் முதுநிலை இரண்டு வருடம். சென்னை எழும்பூர்க் கல்லூரி 1850இல் தொடங்கியது, மூத்தது, மொழியும் பழகியது. ஆனால் மொழிக்காக மட்டும் சென்னை போகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்களை உலுக்கப் புதிய ஊர் வேண்டும் என்பதுதான். பணத்துக்கு, இந்திய அரசு இலங்கையருக்கு வருடாவருடம் தரும் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்களைப் பாருங்கள். கட்டணமும் மாதப் படியும் அதில் அடங்கும். முதுநிலைக்கு மௌலானா ஆசாத் பெயரில் உள்ளது உங்களுக்குரியது. அறிவிப்பு கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து வரும். கெடு மிகக் குறுகியது, பெறுபேற்றுச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

லண்டன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய கலைக் கல்லூரிகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 25,000 பவுணைத் தாண்டும். உங்கள் ஆறு லட்சம் அங்கே ஒரு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம், அது பாடத்தைப் பார்க்காது. குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், உங்களிடம் இருக்கிறது. படித்து முடித்துத் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆனால் அது தருவது ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு. முதல் தவணை குளிருக்கும் பஸ்ஸுக்கும் பழகுவதில் போகும், இரண்டாவதில் குழம்பிப்போவீர்கள், மூன்றாவதில் கண்காட்சி. குழப்பம் தெளிகிற நேரத்தில் விமானச் சீட்டு.

இன்னொரு விஷயம் ஒருவரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பின்னாளில் இங்கே பல்கலைக்கழக விரிவுரையாளராகும் எண்ணம் உங்களுக்குக் கொஞ்சமாவது இருந்தால், ஒரு வருட மாஸ்டர்ஸ் காலை வாரிவிடலாம். சிரேஷ்ட விரிவுரையாளர் நிலைக்கு ஆய்வுக் கூறுள்ள, இரண்டு வருடப் பட்டமேற்படிப்பைக் கேட்கிறார்கள். பட்டங்களை நிலை நிலையாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருட முதுமாணி 9ஆம் நிலை, ஆய்வோடு கூடியது 10ஆம் நிலை. பாடநெறியில் எத்தனை வருடம், எத்தனை திறமைப் புள்ளி (கிரெடிட்), ஆய்வறிக்கை உண்டா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பெயர் கொண்ட பட்டத்தோடு திரும்பி வந்து, ‘இது ஒரு வருடமல்லவா’ என்று கேட்கப்பட்டு நின்றவர்கள் உண்டு.

ஜேர்மனியின் அரச கலைக் கல்விக்கூடங்களில் பெரும்பாலும் கட்டணமில்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் ஜேர்மன் மொழி வேண்டும். இரண்டு வருடம் மொழி படிக்கத் தயாரென்றால் யோசியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விண்ணப்பக் கட்டுரை பற்றி ஒன்று. முதலில் தமிழில் எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள், அவருக்கு விளங்கினால் மொழிபெயர்க்கலாம். உங்கள் மின்னஞ்சலில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: தட்டுப்பாடு முடிந்த பிறகும் உங்கள் மாடியில் ஒருவரும் சங்கிலியைக் கழற்றவில்லை. அந்த ஒரு வரி உள்ள கட்டுரையைத் தேர்வுக்குழு மறக்காது. ‘சிறுவயதிலிருந்தே கலையில் ஆர்வம்’ எல்லோர் கட்டுரையிலும் இருக்கும், வெட்டுங்கள்.

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நம் யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்டர் ஹேவூட்டில் படித்து, பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டேதான் அவ்வளவும் வரைந்தார். பின்னேரம் இரண்டு மணிக்கு வேலை முடிகிற உத்தியோகம் ஓவியருக்குச் சும்மா கிடைக்காது. இப்போதைய வேலை இரவு எட்டு மணிக்கு விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நியமனம் வந்தால் எடுங்கள், விண்ணப்பத்தையும் போடுங்கள். வராவிட்டாலும் விண்ணப்பம் போடுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

அதற்கிடையில் சனிக்கிழமைகளில் கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட்டில் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2019 டிசம்பரில் தொடங்கியது, அனுமதி இலவசம், படத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் விளக்கம் இருக்கும். தமிழில் சமகாலக் கலையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அங்கே சொல் சொல்லாகப் படிக்கலாம். வருடத் தொடக்கத்தில் விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் வீதியோரமாக ஒரு நாள் முழுக்க நடக்கும் ‘கலாபொல’வுக்கும் ஒரு முறை விண்ணப்பியுங்கள். பெரிய விற்பனை இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வெயிலில் நின்று, குடும்பம் குடும்பமாக வருகிறவர்களிடம் ‘இது ஏன் காஸ் சிலிண்டர்’ என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தால், நேர்முகத்தில் நா உலராது.

கடைசியாகப் போட்டோ. நீங்கள் அனுப்பியதில் ஐந்தாவது படத்தின் மினுக்கத்தில் உங்கள் அறையின் மின்விசிறி தெரிகிறது. ரியூப் லைட்டில், ஃபிளாஷில் எடுக்காதீர்கள். காலை எட்டரை வாக்கில் படத்தை மொட்டை மாடியில் நிழல் விழும் பக்கம் கொண்டுபோங்கள், நேர் வெயில் படக் கூடாது. சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். ஃபோனின் கண் படத்தின் நட்ட நடுவுக்கு நேராக இருக்கட்டும், இரண்டடி பின்னால் போய்ப் பெரிதாக்கி எடுத்தால் விளிம்பு வளையாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் பிறகு நிறத்தைச் சரி பார்க்கலாம். வெட்டும்போது அந்தத் தாளை வெட்ட மறக்க வேண்டாம். கோப்புப் பெயரில் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு எல்லாம் போடுங்கள். அளவு சென்ரிமீற்றரில், உயரம் முதலில்.