சுருள் முடியைப் பின்னும்போது மகள் அழுவது குறித்து

வணக்கம். நான்கு வயது மகளின் அடர்ந்த சுருள் முடியைப் பின்னத் தொடங்கினாலே அவள் அழுவதாகவும், மறுநாள் நெற்றியோரத்தில் சிறு பருக்கள் தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் பருக்கள்தான். பின்னல் மயிர்க்கால்களை இழுக்கும் அளவுக்கு இறுகியிருப்பதற்கு அவை பெரும்பாலும் அடையாளம், அந்த இழுப்பு நெடுங்காலம் தொடர்ந்தால் அவ்விடத்து முடி நிரந்தரமாகவே உதிர்ந்துவிடக்கூடும். ஆகவே இப்போதுள்ள பின்னலை இன்றே அவிழ்த்து, பருக்கள் ஆறும்வரை முடியைத் தளர்வாக விட்டுவிடுங்கள். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் பின்னல் அன்று, அதற்கு முந்தைய சிக்கெடுப்பு. சுருள் முடியை உலர்ந்த நிலையில் சீவாதீர்கள். நீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, தலையை ஆறேழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேருக்கு அருகே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அகன்ற பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேல்நோக்கிச் சிக்கெடுத்து வந்தால், இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும். பின்னும்போது முதல் இரண்டு மடிப்புகளைத் தளர்வாகவே போடுங்கள். விரைவில் கலைந்தால் கலையட்டும். கனமான மணிகள் கோப்பதை இந்த வயதில் நான் தவிர்ப்பேன். ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாதித் தலை பின்னிய நிலையில் அவள் உறங்கிவிட்டால், மீதியை மறுநாள் பின்னிக்கொள்ளலாம்.