டர்பனில் ஓடும் பழைய காரின் அடிப்பகுதித் துருவுக்குக் கறுப்புப் பூச்சு போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில் முப்பது ஆண்டுப் பழைய கார் வைத்திருப்பவர், அடித்தகட்டில் துரு தெரிவதால் மேலே தார்ப்பூச்சு அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். துருவைச் சுரண்டாமல் அடிப்பது, என் கருத்தில், ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் காற்றிலுள்ள உப்பு தகட்டில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழையே பெய்யாத இரவிலும் இரும்பு நனைந்தே இருக்கிறது. ஜொகானஸ்பர்க் போன்ற வறண்ட உள்நாட்டு நகரங்களில் அதே வயதுள்ள கார்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருப்பது இதனால்தான். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பெயிண்டைக் கீழிருந்து தள்ளிக் கொப்பளிக்க வைக்கிறது. காய்ந்து வெடித்த பழைய தார்ப்பூச்சின் இடுக்கில் புகும் உப்புநீர் வெளியேற வழியில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிறது.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் உள்ளீடற்ற தகட்டுப் பெட்டியைத்தான் முதலில் பாருங்கள். அதன் அடியிலுள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால், துரு உள்ளிருந்தே வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் நல்லது; மந்தமாக ஒலித்தாலோ தகடு உள்வாங்கினாலோ அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதே முறை. பிரேக் குழாய்கள் அரித்திருந்தால் தாமதமின்றி மாற்றிவிடுங்கள்.

மேலோட்டமான துருவை மட்டும் கம்பித் தூரிகையால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, துத்தநாக ப்ரைமர் பூசலாம். பெட்டிகளுக்குள் மெழுகுத் திரவம் தெளிக்கலாம். கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். விற்கும் எண்ணமிருந்தால், பெயர்மாற்றத்துக்குச் சாலைத்தகுதிச் சான்றிதழ் வேண்டும். பூச்சுக்குள் மறைத்த ஓட்டை அதற்கான சோதனையில் பிடிபடலாம்.