ஒரு சாண், ஒன்றரை முழம்: பேஸ்மேக்கருடன் வேலையும் பயணமும்

பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவு ஒன்றில் 22 ஆண்டுகள் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறு ஆண்டே என் மார்பிலும் ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். மருந்தைப் பற்றிய கேள்விகளை அவரவர் மருத்துவரிடமே விட்டுவிட்டு, வேலை, பயணம் ஆகிய இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம் தேவை. பேஸ்மேக்கர் ஓயாமல் இதயத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது முதலில் காது கொடுத்துக் கேட்கிறது; இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கிறது, துடிக்கத் தவறினால் மட்டுமே சிறிய மின்தூண்டல் ஒன்றை அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலை இதயத் துடிப்பென்று தவறாக எண்ணி, தூண்ட வேண்டிய நேரத்தில் அது வாளாவிருந்துவிடுவதுதான் நாம் அஞ்ச வேண்டிய ஆபத்து. வலுவான காந்தம் இதற்கு நேர்மாறு: அது அருகில் வந்தால் பெரும்பாலான கருவிகள் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே சீரான வேகத்தில் தூண்டத் தொடங்கும், காந்தத்தை விலக்கியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே எந்த வேலைக்கும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. அந்தப் பொருள் மார்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கருவி சில நொடிகள் பேசாமல் இருந்துவிட்டால் என் சொந்த இதயம் துடிக்குமா? இரண்டாவதற்கான விடை பரிசோதனை நாளில் திரையிலேயே தெரியும். அதை ஒவ்வொருவரும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து, 52 வயது: ஐயா, நான் கிரில் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. வெல்டிங் பக்கமே போகக் கூடாது என்கிறார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

"பக்கமே போகக் கூடாது" என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி அன்று. 160 ஆம்பியருக்கு மேற்பட்ட ஆர்க் வெல்டிங் வேண்டாம் என்பதும், அதற்குக் கீழே என்றால் ஆர்க்கும் கேபிளும் மார்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை முழம், தள்ளியிருக்க வேண்டும் என்பதும் கருவி நிறுவனங்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. கிரில் வேலைக்கு நீங்கள் பயன்படுத்தும் 2.5 எம்.எம். ராடும் 3.15 எம்.எம். ராடும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும், 4 எம்.எம். ராடைக் கையில் எடுத்தால் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் ஆம்பியரைவிடப் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நம் பட்டறைகளில் கேபிளைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். கருவிக்கு மேலேயே மின்னோட்டம் ஓடும் கம்பியைப் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானது அது. இரண்டு கேபிள்களையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டித் தரையில் போடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். மெஷினை ஐந்தடி தூரத்தில் வையுங்கள். காய்ந்த கையுறையும் காலணியும் இல்லாமல் தொடாதீர்கள். அடுத்தது டாக் வைப்பது, அதாவது துண்டுகளைப் பிடித்து நிறுத்தச் சிறு புள்ளிகளாக வெல்டு வைப்பது. நொடிக்கு ஒன்றாக டக், டக் என்று வைத்துக்கொண்டே போனால் அந்த இரைச்சலின் தாளம் ஏறக்குறைய இதயத் துடிப்பின் தாளமாகவே இருக்கும், கருவி ஏமாறுவதற்கு அதைவிட வசதியான சூழல் வேறில்லை. ஒவ்வொரு டாக்குக்கும் இடையில் பத்து நொடி விடுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். தலை லேசாகச் சுற்றினாலும் ஹோல்டரைப் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள், விலகியதும் கருவி தன் வேலையைத் தொடரும். இவ்வளவையும் உங்கள் மருத்துவரிடம் காட்டி, உங்கள் சொந்தத் துடிப்பு எவ்வளவு என்பதையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கருவி நின்றால் துடிப்பே இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு, மேற்பார்வையோ அளவெடுக்கும் வேலையோ பார்க்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அன்னை: என் மகனுக்கு 34 வயது. "ஹார்ட் பிளாக்" என்று சொல்லி பேஸ்மேக்கர் வைத்தார்கள். கணினி வேலை. இந்த வயதிலேயே அடைப்பு என்றால் இனி வேலைக்கு அனுப்பலாமா?

அம்மா, முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். "ஹார்ட் பிளாக்" என்பது இரத்தக் குழாய் அடைப்பு அன்று. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குச் செல்லும் மின்செய்தி நடுவழியில் நின்றுபோகிறது. இரண்டையும் "பிளாக்" என்றே சொல்வதால் எத்தனையோ குடும்பங்கள் வீணாக அஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். கணினி, மடிக்கணினி, வைஃபை எதுவும் தடையில்லை. மடிக்கணினியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுக்காமல் இருந்தால் போதும்.

கைப்பேசியை மட்டும் கவனியுங்கள். நம் ஊர் ஆண்கள் அதை இடது சட்டைப் பையில்தான் போடுகிறார்கள், கருவியும் பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் மிச்சமே இருக்கும். 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 முதல் பல கைப்பேசிகளின் முதுகில் காந்த வளையம் இருக்கிறது, கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும் நேரத்தில் 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அந்த நிறுவனமே.

உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று வைத்த முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். உங்கள் மகனுக்கு வைத்திருப்பது அதைவிடப் பன்மடங்கு நம்பகமானது.

குமாரபாளையத்திலிருந்து: விசைத்தறிக் கூடத்தில் வேலை. தறி முன் நின்றால் நாடித் துடிப்பு 100-ஐத் தாண்டுகிறது, வீட்டில் 65தான். ஊர்ப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாலும் இதே கதை. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, சொன்ன வேலையைச் சற்று அதிகமாகவே செய்கிறது. கருவி பொருத்தியபோது கொடுத்த அடையாள அட்டையில், அது இயங்கும் முறையைக் குறிக்க டி.டி.டி.ஆர் அல்லது வி.வி.ஐ.ஆர் என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். கடைசி எழுத்தான "ஆர்", உடல் அசைவுக்கேற்பத் துடிப்பை ஏற்றிக் கொடுக்கும் வசதியைக் குறிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அசைவை உணரும் நுண்ணுணரி ஒன்று இருக்கிறது. நீங்கள் நடக்கும்போது உண்டாகும் அதிர்வையும், தறியின் அதிர்வையும், குண்டும் குழியுமான சாலையில் பேருந்தின் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்படும் அதிர்வையும் அது முழுமையாகப் பிரித்தறிவதில்லை. பழைய வகைக் கருவிகளில், அதன்மேல் விரலால் தட்டினாலே துடிப்பு ஏறுவதைத் திரையில் பார்த்திருக்கிறேன்.

இதனால் உடனடி ஆபத்து இல்லையென்றாலும், எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுவதும் 100-க்கு மேல் துடித்தால் களைப்பு வரத்தான் செய்யும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது "படபடப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை தறியில் நின்றீர்கள் என்று குறித்துக் கொண்டு போங்கள். கருவியின் நினைவகத்தில் துடிப்பு விவரம் பதிந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு அந்த நுண்ணுணரியின் கூர்மையைக் குறைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, ஊசிகூடக் கிடையாது.

நாமக்கல்லிலிருந்து, லாரி ஓட்டுநர்: மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாமா? சீட் பெல்ட் கருவிமேல் உரசுமே?

உங்களைத் தடுக்கக்கூடியது கருவி அன்று, அதை வைக்க நேர்ந்த காரணம். மயங்கி விழுந்ததால் வைத்தார்கள் என்றால், அந்த மயக்கம் முற்றிலும் நின்றுவிட்டது என்பது உறுதியாக வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலேயே திடீர் நினைவிழப்பு, தலைச்சுற்றல் பற்றிய கேள்வி இருக்கிறது. கனரக வாகனம் ஓட்டுபவர் படிவம் 1ஏ-யில் மருத்துவச் சான்றும் தர வேண்டும். அதில் பேஸ்மேக்கரை மறைக்க வேண்டாம். பிரிட்டனில் சொந்தக் கார் ஓட்டுபவர் ஒரு வாரமும், லாரி, பேருந்து ஓட்டுபவர் ஆறு வாரமும் காத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; ஆறு வாரமும் ஒரு பரிசோதனையும் முடியும்வரை சாவியைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது என்பது பெரிய கேள்விதான், உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் ஓட்டுநரின் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்குகிறது. இடது பக்கக் கருவிக்கு அது தொந்தரவு தராது. பக்கத்து இருக்கையில் உட்காரும்போதுதான் உரசும். அப்போது ஒரு துண்டை மடித்து இடையில் வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட்டை அவிழ்த்துவிடாதீர்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மீது மார்பைச் சாய்த்துப் பார்க்காமல் ஓரடி தள்ளி நின்று பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: சிறிய அளவில் சமையல் ஆர்டர் எடுக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு?

60 சென்டிமீட்டர். மார்புக்கும் அடுப்புக்கும் இடையே வேண்டிய இடைவெளி அது. அடுப்பின் முன் குனிந்து கிளறும் வேலைக்கு இந்தத் தூரம் ஒத்துவராது என்பதால், கேஸ் அடுப்புக்கு மாறிவிடுங்கள். மிக்சி, கிரைண்டர், மைக்ரோவேவ் எல்லாம் வழக்கம்போல.

திருவாரூரிலிருந்து, விவசாயி: ஒன்றரை மாதமாகிறது, கையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கலாமா? தோள் வேறு இறுகிவிட்டது.

முதல் நான்கிலிருந்து ஆறு வாரங்கள் வரை, அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமலும், பாரம் சுமக்காமலும் இருக்கச் சொல்வது, உள்ளே போட்ட வயர் இதயச் சுவரில் நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காகத்தான். அந்தக் காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது. பரிசோதனையில் வயர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மண்வெட்டியைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளலாம். மோட்டார் கொட்டகைக்குப் போவதிலும் தடையில்லை, ஓடும் மோட்டாரைக் கட்டிப்பிடித்துத் தூக்காதவரை.

தோள் இறுகியதற்குக் காரணம் அளவுக்கு மீறிய பயம். இதற்காக நீங்கள் பிசியோதெரபிக்குப் போனால், உள்ளே நுழையும்போதே பேஸ்மேக்கர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஷார்ட்வேவ் டயாதெர்மி என்ற வெப்ப சிகிச்சை நமக்கு அறவே ஆகாது. தோலில் பட்டைகளை ஒட்டி மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் சிகிச்சையும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் வேண்டாம். எனக்கே ஓரிடத்தில் பட்டையை ஒட்ட வந்தார்கள். சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

திருச்சியிலிருந்து: அறுவை முடிந்து பத்து நாளில் சிங்கப்பூரில் வேலைக்குத் திரும்ப வேண்டும். விமானமும் சோதனை வாயிலும் ஒத்துக்கொள்ளுமா?

சிக்கல் எதுவும் இல்லாத அறுவை என்றால், இரண்டு நாளுக்குப் பிறகே பறக்கலாம் என்பது பிரிட்டன் விமானத் துறையின் அளவுகோல். வயரைச் செலுத்தும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தால் மட்டும், அது முழுவதும் நீங்கியதென்று எக்ஸ்ரேயில் தெரிந்து, அதன்பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்கள் கழியும்வரை பறக்கக் கூடாது. பத்து நாளில் பயணம் சரி. தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டில் நீங்களே பெட்டியைத் தூக்கி வைப்பதுதான் சரியன்று. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

சோதனை வாயில் வழியாக வழக்கமான நடையில் போய்விடலாம். மணி அடித்தால் அடிக்கட்டும், கருவிக்கு ஒன்றும் ஆகாது. வாயிலில் சாய்ந்து நிற்காதீர்கள். நம் விமான நிலையங்களில் வாயிலைத் தாண்டியபின் கையில் பிடிக்கும் கருவியால் மார்பு முதல் கால்வரை தடவுவார்கள். மேடையில் ஏறுவதற்கு முன்பே அட்டையைக் காட்டி, "மார்பில் பேஸ்மேக்கர் இருக்கிறது, அந்த இடத்தைக் கையால் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு நொடி பட்டுவிட்டாலும் அஞ்சாதீர்கள். அங்கேயே வைத்துப் பிடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். மெட்ரோ நிலையத்துக்கும் பெரிய கோயில்களின் வாசலுக்கும் இதே முறைதான்.

சேலத்திலிருந்து, 41 வயது: திருமலைக்குப் படியேறும்போது நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன், திடீரென்று யாரோ பிடித்து இழுத்ததுபோல் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மலைக்கே போகக் கூடாதா?

போகலாம், ஆனால் 3,550 படிகளுக்கு ஏற்றபடி கருவியை அமைத்துக்கொண்டு போக வேண்டும். மேலறையின் துடிப்பைப் பின்பற்றிக் கீழறையைத் தூண்டும் கருவிக்கு, மேல் எல்லை ஒன்று வைத்திருப்பார்கள். 120, 130 என்பவை வழக்கமானவை. ஏறும்போது உங்கள் மேலறை 150-ஐ எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அழைப்புக்கும் பதில் சொல்ல இயலாத கருவி, முதலில் இடையிடையே ஒன்றை விடுகிறது. இன்னும் ஏறினால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறது. 150 அந்த நொடியில் 75 ஆகிவிடும். உங்களைப் பிடித்து இழுத்தது அதுவாக இருக்கலாம். இதய மருத்துவரின் பார்வையில் ஒருமுறை டிரெட்மில்லில் நடந்து காட்டி, மேல் எல்லையை உங்கள் வயதுக்கு ஏற்ப உயர்த்த முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன் இரத்தக் குழாய் அடைப்பு இல்லை என்பதையும் பார்த்துவிடுவார்கள்.

சென்னையிலிருந்து: மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் நியூ ஜெர்சி போகிறேன். 66 வயது. என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

அட்டையை முதலில் எடுத்து வையுங்கள். அதில் நிறுவனத்தின் பெயரும் கருவியின் மாதிரி எண்ணும் இருக்கும். வயர்களின் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் கணினியால் படிக்க முடியாது. அங்கே அவசரத்துக்குப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே எந்த நிறுவனம் என்பதுதான். எம்.ஆர்.ஐ எடுக்க நேர்ந்தாலும், கருவி மட்டுமன்றி வயரும் அதற்கு ஏற்றதுதானா என்பதை அந்த எண்களைக் கொண்டுதான் முடிவு செய்வார்கள். கடைசியாக எடுத்த பரிசோதனைத் தாளையும், ஒரு பழைய ஈ.சி.ஜி.யையும் படமெடுத்து மகளின் கைப்பேசியில் போட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் பேஸ்மேக்கரைக் குறிப்பிடாமல் விட்டால் பிறகு பணம் வராது.

பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று, கருவிக்குள் இருக்கும் கடிகாரம். இரவில் துடிப்பைக் குறைக்கும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. அது இந்திய இரவைத்தான் இரவென்று நினைத்துக்கொண்டிருக்கும். தன்னைத் தானே இரவு ஒரு மணிக்குச் சோதித்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. கோடைக் காலத்தில் அந்த நேரம் நியூ ஜெர்சியில் பிற்பகல் மூன்றரை. அங்கே போனபின் பகலெல்லாம் காரணமின்றி மந்தமாக இருந்தாலோ, தினமும் அதே மூன்றரைக்கு மார்பில் சிறு படபடப்பு வந்துபோனாலோ, இதை நினைவுபடுத்திப் பாருங்கள். இதைவிட எளிய வழி, புறப்படும் வாரத்தில் உங்கள் பரிசோதனைப் பிரிவுக்குப் போய் அந்த இரவு வசதியை அணைத்துவிடும்படியோ நேரத்தை மாற்றும்படியோ கேட்பது. திரும்பி வந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.